வெளைய விக்காதீங்க, மொதல்ல பாக்கெட் ட்ரேசர இறக்குங்க

போன சனிக்கெழம கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, பிளஸ் டூ முடிச்ச மகளையும் கூட்டிட்டு, அடுத்து என்ன படிக்க வைக்கலாம்னு கேக்க என்னப் பாக்க வந்தாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் கவரு, அதுக்குள்ள மார்க் லிஸ்ட்டு, சாதி சான்றிதழ், கூடவே ஒரு நிலப் பத்திரத்துக்க ஜெராக்ஸும். காலேஜ் அட்மிஷனுக்குப் பத்திரம் என்னத்துக்குன்னு கேட்டேன். "வெள ஒண்ணு கெடக்கு சாரே, 12 சென்ட், 20 மூடு ரப்பர் நிக்குது. ஆளு வந்து பாத்துட்டுப் போயாச்சு, அட்வான்ஸ் வாங்கதுதான் பாக்கி"ன்னு சொல்லும்போதே கண்ணு கலங்கிட்டு. வெளன்னா எங்க ஊருல மரம் நிக்குற தோட்ட நிலம்.

வீட்டுக்காரரு மஸ்கட்டுல எலக்ட்ரீசியன். அவருக்க அண்ணன் சென்னையில இருக்காரு, அதாவது பிள்ளைக்குப் பெரியப்பா, அவருதான் போன்லயே எல்லாத்தையும் முடிவு பண்ணி வச்சிருக்காரு. வெளியூருல ஒரு தனியார் காலேஜ், மேனேஜ்மென்ட் கோட்டா, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், 4 வருசத்துக்கு ஹாஸ்டலோட சேத்தா 9 லட்சத்துக்குப் பக்கம் வரும். "இப்ப எல்லாம் ஏஐதான், இத விட்டா பிள்ளைக்கு எதிர்காலமே இல்ல"ன்னு அவரு சொல்ல, அத்தை ஒருத்தங்க "இல்ல நர்சிங்குக்கு விடு, லண்டனுக்குப் போவா"ன்னு சொல்ல, அந்த அம்மாவுக்கு ரெண்டு வாரமா ராத்திரி ஒறக்கம் இல்ல.

நான் ஒரு அஞ்சு நிமிசம் ஆறுதல் சொன்னேன். அதுக்கு மேல சொல்லல, ஏன்னா ஆறுதல் கேட்டுட்டுப் போறவங்க நேரா போயி அட்வான்ஸ் வாங்கிருவாங்க. அதனால முகத்துக்கு நேராவே சொன்னேன், வெளைய விக்காதீங்க, இந்த கோர்ஸுக்காக விக்கவே விக்காதீங்கன்னு. அதுக்குப் பதிலா பாக்கெட் ட்ரேசர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர மொதல்ல இறக்கிப் பாருங்கன்னு சொன்னேன், ஏன்னு கீழ சொல்லுறேன்.

அந்தப் பிள்ளைகிட்ட கணக்கு பிடிக்குமான்னு கேட்டேன். "புரியும் சார், ஆனா பிடிக்காது"ன்னா. எவ்வளவு நேர்மையான பதிலு பாருங்க. டேட்டா சயின்ஸ்னா உள்ள போனா மேட்ரிக்ஸ், ப்ராபபிலிட்டி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், திரும்பத் திரும்ப அதுதான், கணக்கு போடப் பிடிச்ச பிள்ளைக்கு அது சொர்க்கம், பிடிக்காத பிள்ளைக்கு நாலு வருசம் பல்லக் கடிச்சிட்டு இருக்கணும். பேர செலக்ட் பண்ணது பெரியப்பா, கணக்கு போட வேண்டியது பிள்ளை. பணம் போடுறது யாருன்னா மஸ்கட்டு வெயில்ல வயர் இழுக்குற மனுசன். ஏஐ வேண்டாத படிப்புன்னு நான் சொல்லல, இந்தப் பிள்ளைக்கு, இந்த விலைக்கு வேண்டாம்னுதான் சொல்லுறேன்.

கவுன்சிலிங், நர்சிங், பாங்க் எக்ஸாம், டிஎன்பிஎஸ்சி பத்தி எல்லாம் நான் இங்க எழுதப் போறதில்ல, அது நம்ம ஊருல சாயாக்கடையில நின்னாலே நாலு பேரு சொல்லித் தருவாங்க.

நான் கேட்ட அடுத்த கேள்விதான் விசயம். வீட்டுல வைஃபை நின்னா யாரு பாக்கது? அம்மா ஒடனே, "இவதான் சாரே, பக்கத்து ரெண்டு வீட்டுக்கும் இவதான் போவா"ன்னாங்க. பிள்ளை கொஞ்சம் வெக்கப்பட்டுட்டுச் சொன்னா, பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சு வைஃபை பொட்டிக்க செட்டிங்ஸுக்குள்ள போயி பாஸ்வேர்டு மாத்தினது, எத்தன பேரு கனெக்ட் ஆயிருக்காங்கன்னு லிஸ்ட்டு பாத்தது, கேபிள்கார அண்ணன்கிட்ட இருந்து ஆர்ஜே 45 கிளிப்பு (நெட் கேபிள் நுனியில இருக்க பிளாஸ்டிக் பின்னு) வாங்கி எட்டு வயரையும் கலர் பாத்து அடுக்கி கிரிம்ப் பண்ணி, அதாவது அமுக்கி மாட்டிப் பாத்தது, மொத ரெண்டு தடவ தப்பாப் போனது. இதச் சொல்லும்போது அவளுக்க முகமே வேற. மார்க் லிஸ்ட்டுல இது எங்கயும் இருக்காது, ஆனா நான் பாக்கது இததான். இவளுக்கு நெட்வொர்க்கிங், அதாவது கம்ப்யூட்டருங்கள ஒண்ணோட ஒண்ணு இணைச்சுப் பேச வைக்குற வேல, பிடிச்சிருக்கு, அதுக்கு அப்பிடி ஒரு பேரு உண்டுன்னு மட்டும் இவளுக்குத் தெரியல.

"அதுக்கு லட்சக்கணக்குல மெஷின் வேணுமே சாரே"ன்னாங்க அம்மா. வேண்டாம், ஒத்தப் பைசா வேண்டாம். சிமுலேஷன் சாஃப்ட்வேர்னு ஒண்ணு இருக்கு, சுவிட்சு (ஒரே நெட்வொர்க்ல உள்ள கம்ப்யூட்டருங்கள இணைக்கிற பொட்டி), ரவுட்டரு (ஒரு நெட்வொர்க்க இன்னொரு நெட்வொர்க்கோட இணைக்கிற பொட்டி), கம்ப்யூட்டரு எல்லாத்தையும் ஸ்கிரீன்லயே வச்சு வயரு மாட்டி ஓட்டிப் பாக்கலாம். ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்லுறது ஒண்ணே ஒண்ணு, ரவுட்டரு, சுவிட்சு எல்லாம் செய்யுற சிஸ்கோ கம்பெனி குடுக்குற பாக்கெட் ட்ரேசர். அவங்களோட நெட்வொர்க்கிங் அகாடமி 1997-ல இருந்து இருக்கு, அந்த சைட்டுல போயி ஒரு மெயில் ஐடி வச்சு அக்கவுன்ட் தொடங்கினா போதும், இலவசமா இறக்கிக்கலாம், கார்டு நம்பரு எல்லாம் கேக்காது. பாக்கெட் ட்ரேசர் எப்பிடி ஓட்டணும்னு சொல்லித் தர சின்ன கோர்ஸும் அங்கேயே இலவசமா கெடக்கு. வேற ஏதாவது சைட்டுல இருந்து கிராக் பண்ண ஃபைல இறக்காதீங்க, சும்மா குடுக்குற சாதனத்துக்கு எதுக்கு கிராக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல, ஆனா பிள்ளைங்க செய்யுது. மாமா மகனுக்க பழைய லேப்டாப்பு 4 ஜிபி ராமோட இருந்தாலும் ஒருமாதிரி ஓடும், குரோம்ல பத்து டேப்பு திறந்து வைக்காம இருந்தாச் சரி, 8 ஜிபி இருந்தா நிம்மதி.

மொத நாளு ரெண்டு பிசி, நடுவுல 2960-ன்னு மாடல் நம்பரு உள்ள ஒரு சுவிட்சு, அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் வைக்காதீங்க. ஸ்ட்ரெய்ட் த்ரூ கேபிள எடுத்து மாட்டினா கேபிள் நுனியில ஆரஞ்சு கலர்ல ஒரு புள்ளி நிக்கும், பச்சையா மாற மாட்டேங்கும், தப்பாயிட்டுன்னு நெனச்சு கழட்டி கழட்டி மாட்டாத பிள்ளைய நான் பாத்ததே இல்ல. தப்பு ஒண்ணும் இல்ல. சுவிட்சு ஒரு லூப்பு, அதாவது சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வருற வழி, இருக்கான்னு காது குடுத்துக் கேக்குது, 15 செகண்டு கேக்கும், 15 செகண்டு படிக்கும், அரை நிமிசம் கழிச்சுத்தான் வழிய விடும், ஸ்பானிங் ட்ரீன்னு அதுக்குப் பேரு. பொறும இல்லன்னா கீழ நேரத்த ஓட்டி விடுற பட்டன் ஒண்ணு இருக்கு. அப்புறம் ஒவ்வொரு பிசிக்கும் ஐபின்னு ஒரு முகவரி நம்பரு குடுக்கணும், ஒரு பிசிக்கு 192.168.1.10, இன்னொண்ணுக்கு 192.168.1.20, எது வரைக்கும் ஒரே நெட்வொர்க்குன்னு சொல்லுற மாஸ்க்கு 255.255.255.0, ஒரு பிசில கமாண்ட் ப்ராம்ப்ட்ட திறந்து மத்த பிசிக்க ஐபிக்கு பிங் அடிங்க, அதாவது இருக்கியான்னு கூப்பிட்டுப் பாருங்க. ரிப்ளை வந்த அந்த நிமிசம் இருக்கே, சின்ன வயசுல ரெண்டு தீப்பெட்டிக்கு நூலு கட்டி ஹலோ சொல்லிக் கேட்ட மாதிரி இருக்கும்.

அதோட நிப்பாட்டக்கூடாது, ஏன்னா உண்மையான படிப்பு இனிதான் இருக்கு. வலது பக்கம் கீழ ரியல்டைம், சிமுலேஷன்னு ரெண்டு மோடு இருக்கும், சிமுலேஷனுக்கு மாத்திட்டு திரும்ப பிங் அடிச்சா ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது அனுப்புற தகவல் துண்டும், ஒரு கவரு மாதிரி வயருல நகரும், நீங்க ஒவ்வொரு எட்டா எடுத்து வைக்கலாம். மொதல்ல போறது பிங்கே இல்ல, ஏஆர்பின்னு ஒண்ணு, இந்த ஐபி யாருக்க ஐபின்னு எல்லார்கிட்டயும் கேக்கது. அது என்னன்னா, கல்யாண வீட்டுல மைக்ல "கொளச்சல்ல இருந்து வந்த சித்தப்பா எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்"னு கூப்பிடுவாங்கல்லா, அதேதான். எல்லாருக்கும் கேக்கும், சித்தப்பா மட்டும் எழும்பி வருவாரு, மத்தவங்க திரும்ப சாம்பார ஊத்திச் சாப்பிடுவாங்க. மூணாவதா இன்னொரு பிசிய சுவிட்சுல மாட்டிப் பாருங்க, அதுக்கும் அந்த கவரு போகும், ஆனா ஒரு சிவப்பு எக்ஸ் விழுந்து அங்கேயே தூக்கிப் போட்டிரும். கவர கிளிக் பண்ணா லேயர் லேயரா உள்ள என்ன எழுதிருக்குன்னு காட்டும். காலேஜ்ல ஓஎஸ்ஐன்னு நெட்வொர்க் வேலைய ஏழா பிரிச்சு வச்ச லேயர பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணி எழுதுறாங்கல்லா, அத இங்க கண்ணால பாக்கலாம்.

ரெண்டாவது வாரம் ரவுட்டரு. இங்கதான் பாதி பேரு விட்டுட்டு ஓடுவாங்க, அதனால முன்னாடியே சொல்லிருறேன். சுவிட்சு போர்ட்டு எல்லாம் தானா ஆன் ஆயிருக்கும், ரவுட்டர் போர்ட்டு எல்லாம் ஆஃப் ஆயித்தான் இருக்கும், நோ ஷட்டவுன்னு ஒரு கமாண்டு அடிச்சாத்தான் உயிர் வரும். ஐபி எல்லாம் சரியா குடுத்துட்டு ஒரு மணிக்கூர் முழிச்சிட்டு இருப்பாங்க, கடைசியில பாத்தா நோ ஷட்டவுன் அடிக்கல. அடுத்தது, கமாண்ட தப்பா அடிச்சா அது ஏதோ கம்ப்யூட்டருக்க பேராக்கும்னு ரவுட்டரு தேடப் போயிரும், ஸ்கிரீனு அப்பிடியே உறைஞ்சு நிக்கும், கண்ட்ரோல் ஷிஃப்ட் 6 அமுக்குனா வெளிய வரலாம், நோ ஐபி டொமைன் லுக்கப்புன்னு ஒரு தடவ குடுத்துட்டா அந்தத் தொல்லையே கெடையாது. இடையில ரவுட்டர் வந்த பிறகு மொத பிங் மட்டும் டைம் அவுட் ஆகும், மிச்சம் மூணும் வரும். அதுவும் தப்பில்ல, மேல சொன்ன மைக் அனவுன்ஸ்மென்ட் முடியதுக்குள்ள மொத கவரு காலாவதி ஆயிட்டு, அம்புட்டுதான். அப்புறம் சேவ் பண்ணணும். ரன்னிங் கான்ஃபிக், அதாவது இப்ப ஓடிட்டு இருக்க செட்டிங்ஸ், கரண்டு இருக்க வரைக்கும்தான், ஸ்டார்ட்டப் கான்ஃபிக்ல காப்பி பண்ணலன்னா ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போ எல்லாம் போயிரும், நம்ம ஊரு மழைக்கும் கரண்டுக்கும் இத நான் வெளக்கவே வேண்டாம்.

மூணாவது வாரம் சப்நெட், ஒரு நெட்வொர்க்க சின்ன சின்னதா பிரிக்கது. கணக்கு பிடிக்காத பிள்ளைன்னு சொன்னேன்லா, இந்த கணக்கு அவளுக்குப் பிடிக்கும், ஏன்னா இது பாகம் வைக்கது. /24-ன்னா (மேல குடுத்த 255.255.255.0 மாஸ்க்குதான்) மொத்தம் 256 ஐபி நம்பரு, அத நாலு பிள்ளைங்களுக்குப் பிரிச்சா ஆளுக்கு 64, அதுதான் /26. ஒவ்வொரு பாகத்துலயும் மொத நம்பரும் கடைசி நம்பரும் யாருக்கும் கெடையாது, வழிக்கு விட்ட எடம்னு வச்சிக்கிடுங்க, அதனால 62 பேருதான் குடியிருக்க முடியும். பாகப்பிரிவினை பாத்து வளந்த நம்ம பிள்ளைங்களுக்கு இத விட எளிதா எவனும் சொல்லித் தர முடியாது.

அதுக்குப் பிறகு விலேன் (VLAN). ஒரே சுவிட்சுல மாட்டிருக்க கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசாம பிரிச்சு வைக்கது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போயிருப்பீங்கல்லா, 1966-ல கட்டினது, 115 அடி உயரம். கீழ பறளியாறு ஓடுது, மேல தொட்டியில கால்வாய் தண்ணி ஓடுது, ரெண்டும் ஒரே எடத்தத் தாண்டுது, ஒரு சொட்டு கலக்காது. விலேனும் அப்பிடித்தான், ஒரே கேபிள்ல ரெண்டு விலேன் போகணும்னா ட்ரங்க்குன்னு ஒண்ணு போட்டு ஒவ்வொரு கவருலயும் டேக் ஒட்டி விடணும். ரெண்டும் பேசணும்னா நடுவுல ஒரு ரவுட்டர் வேணும்.

இவ்வளவு வந்த பிறகு பாடத்த மூடி வச்சிட்டு சொந்தமா ஒண்ணு கட்டணும். நான் அந்தப் பிள்ளைக்குக் குடுத்தது தக்கல பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரி, கற்பனைதான், ரிசப்ஷன், லேப், மருந்துக்கட மூணும் மூணு விலேன், ஐபி எல்லாம் டிஹெச்சிபியில, அதாவது கேக்குற மெஷினுக்கு ஐபிய எடுத்துக் குடுக்குற ஏற்பாட்டுல, தானா கெடைக்கணும். 169.254-ல தொடங்குற ஐபி வந்தா டிஹெச்சிபி கெடைக்கலன்னு அர்த்தம், ஏன் கெடைக்கலன்னு அவளே தேடணும். அப்புறம் தம்பிய கூப்பிட்டு, ஏதாவது ஒண்ண மட்டும் மாத்தி வச்சிட்டுப் போடா மக்கான்னு சொல்லணும், கேபிள கழட்டட்டும், மாஸ்க்க மாத்தட்டும், என்னமும் செய்யட்டும், இவ கடிகாரம் வச்சு 20 நிமிசத்துல கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்சத ஒரு நோட்டுல எழுதணும். என்ன பாத்தேன், என்ன நெனச்சேன், கடைசியில என்னவா இருந்துது. இன்டர்வியூல கேக்கதும் இததான், "நெட்டு வரலன்னு ஒருத்தர் போன் பண்ணுறாரு, மொதல்ல எதப் பாப்ப?" இந்த நோட்டு இருக்க பிள்ளைக்கு அதுக்குப் பதில் இருக்கும், 9 லட்சம் கட்டின பிள்ளைக்கு இருக்கும்னு சொல்ல முடியாது.

சரி, இந்த சாஃப்ட்வேருக்க கொறயும் சொல்லணும்லா. பாக்கெட் ட்ரேசர் உண்மையான ரவுட்டர் இல்ல, ரவுட்டர் மாதிரி நடிக்குது, அதனால சில கமாண்டு அதுல இருக்கவே இருக்காது, நம்ம தப்புன்னு நெனச்சு அழக்கூடாது. அடுத்த படி ஜிஎன்எஸ்3, அது நடிக்காது, உண்மையான ரவுட்டர் சாஃப்ட்வேரையே லேப்டாப்புக்குள்ள ஓட்டும், அதனால 8 ஜிபிக்குக் கொறஞ்ச மெஷின்ல மூச்சு முட்டும். அதுல சிஸ்கோ இமேஜ், அதாவது சிஸ்கோ ரவுட்டருக்க சாஃப்ட்வேர் ஃபைலு, போட லைசன்ஸ் வேணும், டெலிகிராம்ல கெடைக்குன்னு எடுக்காதீங்க. அதுக்குப் பதிலா மைக்ரோடிக் கம்பெனிக்க சிஹெச்ஆர்னு ஒரு ரவுட்டர் சாஃப்ட்வேர் இருக்கு, இலவச லைசன்ஸ்ல வேகம் 1 எம்பிபிஎஸ்தான், படிக்க அது தாராளம். நம்ம ஊரு பக்கம் கேபிள்காரங்க, சின்ன இன்டர்நெட் கம்பெனிக்காரங்க கிட்ட மைக்ரோடிக் பொட்டிய நானே பாத்திருக்கேன், அந்தக் கேபிள்கார அண்ணன்கிட்ட கேட்டா நேர்லயே காட்டுவாரு.

காலேஜ் சீனியர் யாராவது என்எஸ்2, என்எஸ்3-ன்னு வேற சிமுலேஷன் சாஃப்ட்வேர இறக்குன்னு சொல்லுவாங்க, இப்பவே அந்தப் பக்கம் போகாத மக்ளேன்னு சொல்லிட்டேன். அது ஆராய்ச்சி பண்ணுறவங்களுக்கு உள்ளது, லினக்ஸ்ல போட்டு நாமளே புரோகிராம் எழுதணும், புது புரோட்டோகால் (மெஷினுங்க பேசிக்கிடுற விதிமுறை) கண்டுபிடிச்சா எவ்வளவு பாக்கெட் விழும்னு அளந்து கிராஃப் போட அது ராஜா. ஆனா நெட்வொர்க்னா என்னன்னே பிடி கெடைக்காம அத தொட்டா, இன்ஸ்டால் பண்ணுறதுலயே ஒரு மாசம் போயி எனக்கு இது வராதுன்னு பிள்ளை முடிவு கட்டிரும்.

இப்ப காசு. இதுல நான் யாருக்காகவும் எளகி வர மாட்டேன். ஒண்ணு, பாக்கெட் ட்ரேசர் கத்துத் தர காசு கேக்குற சென்டருக்குப் போகாதீங்க. வேல உறுதின்னு சொல்லி 85 ஆயிரம் வாங்கின ஒரு எடத்துக்குப் போன பையன் என்கிட்ட வந்து அழுதான், உள்ள நடத்துனது முழுக்க இதே இலவச சாஃப்ட்வேர்தான், வேலன்னு காட்டுனது ஒரு கால் சென்டரு. ரெண்டாவது, சிஸ்கோக்க நெட்வொர்க்கிங் சான்றிதழுக்கு உள்ள சிசிஎன்ஏ பரீட்சைய இப்பவே எழுதாதீங்க. ஃபீஸ் 300 டாலர், நம்ம காசுல 25 ஆயிரத்துக்கு மேல, பாஸானாலும் 3 வருசத்துக்குத்தான் செல்லும். பிளஸ் டூ முடிச்சதும் எழுதினா டிகிரி கையில வரும்போ அது காலாவதி ஆயிருக்கும். கடைசி வருசம் எழுதினா போதும், அதுவும் கடன் வாங்கி எழுதாதீங்க. மூணாவது, படிப்பு. நாகர்கோவில் கோணத்துல அரசு பாலிடெக்னிக் இருக்கு, பிளஸ் டூல கணக்கு, பிசிக்ஸ் படிச்ச பிள்ளைங்க டிப்ளமோ ரெண்டாம் வருசத்துலயே நேரா சேரலாம், இது நெறய பேருக்குத் தெரியாது. ஃபீஸ் ஆயிரங்கள்ல முடியும், லட்சத்துக்குப் போகாது. அது முடிச்சு பிஇ வேணும்னு பிள்ளைக்கே தோணினா லேட்டரல் என்ட்ரில ரெண்டாம் வருசத்துக்குப் போகட்டும். இல்ல பக்கத்து எய்டட் காலேஜ்ல பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுவும் நல்லதுதான், வீட்டுல இருந்து பஸ்ல போயிட்டு வரலாம். இந்தப் பிள்ளை ஆறாம் கிளாஸ்ல இருந்தே அரசுப் பள்ளி, அதனால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூவா அவளுக்க அக்கவுன்ட்டுக்கே வரும். அந்தக் காசுல வீட்டு நெட் பில்லு கட்டட்டும்.

அம்மா கடைசியா கேட்டாங்க, "பொம்பளப் பிள்ளை வயரு இழுக்க ஏணியில ஏறுவாளா சாரே?" நான் அந்தப் பிள்ளையப் பாத்தேன், அவளே சொன்னா, "ஏறினா என்ன?"ன்னு. அதுக்கு மேல நான் பேச ஒண்ணும் இல்ல, ஆனாலும் சொன்னேன், நெட்வொர்க் வேலைல ஏணி ஒரு சின்ன பகுதிதான், பெரும்பாலும் ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து கண்காணிக்கிறதும் சரி பண்ணுறதும்தான். ராத்திரி ஷிஃப்ட் இருக்கும், அத மறைக்க மாட்டேன். தொடக்கத்துல சம்பளமும் பெருசா இருக்காது. ஆனா ஐடி கம்பெனிங்க இருக்க திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990-ல இருந்து நம்ம பக்கத்துலயே கெடக்கு, சென்னை மட்டும்தான் ஊருன்னு பெரியப்பா நெனச்சா அது அவரு இருக்க எடத்துக்க கொற.

பெரியப்பாவுக்கு நானே போன் போட்டேன். மரியாதையாத்தான் பேசினேன். "அண்ணாச்சி, 60 நாளு தாங்க. தெனம் ஒரு மணிக்கூர் இந்தப் பிள்ளை இதுல உக்காரட்டும். அட்மிஷன் அது பாட்டுக்கு பாலிடெக்னிக்ல போட்டு வைப்போம். 60 நாளு கழிச்சு பிள்ளைக்கே சலிச்சுட்டுன்னா வேற பேசுவோம், அப்பவும் வெளைய விக்கப் பேச மாட்டோம்." அவரு ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "இது கேமு மாதிரில்லா இருக்கு, இத வச்சு எவன் வேல குடுப்பான்?"ன்னாரு. அதுக்கு நான் பதில் சொல்லல, அவள சொல்லச் சொல்லி போன பிள்ளை கையில குடுத்துட்டேன். சித்தப்பாவ மைக்ல கூப்பிடுற கதைய, நான் சொன்னத விட நல்லா சொன்னா.

நேத்து ராத்திரி ஸ்கிரீன்ஷாட் அனுப்பிருக்கா, மூணு ரிப்ளை, மொதலாவது டைம் அவுட். கீழ ஒரே வரி, "சார் இது அந்த மொத கவருதானே?" அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கெழம வரச் சொல்லிருக்கேன். பத்திரத்துக்க ஜெராக்ஸ் வேண்டாம், லேப்டாப்பும் அந்த நோட்டும் மட்டும் கொண்டு வந்தா போதும்னு அம்மாகிட்டயும் சொல்லியாச்சு.